வீட்டிலிருந்து வேலை பார்க்க பஸ்ஸில் போனேன்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக நான் தினமும் காலையில் பஸ் ஏறினேன். கீழ்பென்னாத்தூரில் ஏறித் திருவண்ணாமலையில் இறங்குவேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் செங்கம் ரோட்டுக்குப் போய், ரமணாசிரமம் தாண்டி ஒரு சந்துக்குள் நுழைந்து, மாடியில் எடுத்திருந்த வாடகை அறையின் பூட்டைத் திறப்பேன். லேப்டாப்பை விரித்ததும், நெதர்லாந்தில் இருக்கும் என் அலுவலகத்தின் கணக்கில் நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் ஆகிவிடுவேன். சாயந்திரம் அதே வழியில் திரும்பி வந்தால் அம்மா, "வந்துட்டியா? போய்க் கை கால் கழுவு, காபி வெக்கிறேன்" என்பாள். நாள் முழுக்க வீட்டிலிருந்து வேலை பார்த்துவிட்டு வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் மனிதனை என்ன சொல்லி அழைப்பது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

நான் நெதர்லாந்தில் யூட்ரெக்ட் என்ற ஊரில் மனைவி, மகளோடு பல வருடங்களாக இருக்கிறேன். கிடங்குகளில் சரக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை எழுதுவது வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான். அதை அந்த ஊர் டச்சு மொழியில் 'தௌஸ்வெர்க்கன்' என்கிறார்கள், 'தௌஸ்' என்பது வீடு. அங்கே ஜன்னல்களுக்குத் திரை போடும் வழக்கம் கம்மி. என் மேஜைக்கு நேர் எதிர் வீட்டில் ஒருவர், அவரும் தௌஸ்வெர்க்கன்தான், என்ன செய்கிறார் என்று நான் விரும்பாவிட்டாலும் தெரியும். கொஞ்ச நேரம் திரையைப் பார்ப்பார். எழுந்து சட்டைகளை இஸ்திரி போடுவார். பூந்தொட்டிகளைச் சுற்றி வருவார். மறுபடி உட்காருவார். ஒருநாள் மதியம் ஒரு நாற்காலியை முழுதாகப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கையில் நாற்காலிக் காலோடு சிரித்துக் கையாட்டினார். நானோ சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது அலுவலக அழைப்பு வந்தால், ஏதோ திருடியதுபோல அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். எங்கள் குழுத் தலைவர் யான் என்பவர், "மகளை நீச்சலுக்குக் கூட்டிப் போகிறேன், மூன்று மணிக்கு வருவேன்" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட்டுப் போவார். நான் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. வேலை என்றால் பார்க்கிறவர்களுக்கு அலுப்புத் தெரிய வேண்டும் என்று வளர்ந்தவன் நான். அங்கே அலுப்பைக் காட்டினால், "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள்.

போன வருடம் அப்பா கழனியில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக வேண்டிய நேரம். நான் ஒரே பிள்ளை. சில மாதங்கள் ஊரிலிருந்து வேலை பார்க்கலாமா என்று யானிடம் கேட்டேன். "தௌஸ் என்றால் தௌஸ். அது எங்கே இருந்தால் என்ன?" என்றார். நம் காலையிலேயே ஆரம்பித்து, அவர்களுடைய முற்பகலோடு முடித்துக்கொள்வதாக ஏற்பாடு. மனைவியையும் மகளையும் அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் வந்தேன்.

கீழ்பென்னாத்தூர் வீட்டில் நடு அறையில் மேஜை போட்டேன். இது சரிப்பட்டு வராது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. நான் அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா தட்டில் அடையோடு கேமராவுக்குள் வருவாள். "சூடா துன்னுட்டுப் பேசுடா, அவங்க எங்க போய்டப் போறாங்க?" பக்கத்து வீட்டுக்காரர்கள் கரண்ட் பில் கட்டித் தரச் சொல்லி வருவார்கள். சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து, நான் ஆங்கிலத்தில் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, "இன்னா தம்பி, வேலகீல பாக்குறியா, சும்மாதான் இருக்கியா?" என்று கேட்டார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். அன்று மாலை என்னிடம் வந்தாள்.

"தெருவுல ஒரு மாதிரி பேசுறாங்கடா. பொண்டாட்டி புள்ளய அங்க வுட்டுட்டு இவன் மட்டும் இங்க குந்திக்கினு கீறான், வேல போயிடுச்சான்னு."

"வேலைதாம்மா பாக்கறேன். அந்தப் பொட்டியிலதான் வேலை."

"எனுக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே."

செங்கம் ரோட்டில் அறை எடுத்தது அப்படித்தான். பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்ததும் தெரு அமைதியாகிவிட்டது. அம்மா டிபன் கேரியரில் சோறு கட்டிக் கொடுத்தாள். அப்பா வாக்கரைப் பிடித்தபடி வாசல்வரை நடந்து வந்து வழியனுப்பினார். அந்த நாலடி அவருக்குப் பயிற்சியாகவும் இருந்தது. பத்திரிகை வைத்த சொந்தக்காரரே பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "ஆபீசுக்கா?" என்று சிரித்தார்.

அந்த அறையில் நான் என்ன செய்தேன்? நேர்மையாகச் சொல்கிறேன், உங்களில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்குப் புரியும். இடைஞ்சல்களுக்கு நடுவே கீழ்பென்னாத்தூரில் நாள் முழுக்க ஓடிய வேலை, இந்த அமைதியில் மதியத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. மீதி நேரத்தில் ஜன்னலில் மலையைப் பார்த்தேன். தூங்கினேன். மகளின் பழைய வீடியோக்களைப் பார்த்தேன். அறையைப் பெருக்கினேன், பெருக்கிய அறையையே மறுபடி பெருக்கினேன். அழைப்பு வரும் நேரத்தில் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டேன். இதற்காகவா அப்பாவை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறோம் என்று தோன்றும். ஆனால் மறுநாள் காலையில் டிபன் கேரியர் தயாராக இருக்கும், நானும் கிளம்பிவிடுவேன்.

கீழே ஒரு காபிக் கடை இருந்தது. அங்கேதான் மரீக்கேயைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். நெதர்லாந்துக்காரி, யூட்ரெக்டுக்குப் பக்கத்து ஊர். ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலையை இந்தக் கடையிலிருந்தே செய்துகொண்டிருந்தாள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டாள். யூட்ரெக்ட் என்றேன். சிரித்துவிட்டு, "இல்லை, உண்மையில் எங்கிருந்து?" என்றாள். யூட்ரெக்டில் இந்தக் கேள்வியை என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அங்கே கீழ்பென்னாத்தூர் என்று சொல்ல வேண்டியிருக்கும். இங்கே, யூட்ரெக்டில் என் தெருவின் பெயரைச் சொன்ன பிறகுதான் நம்பினாள். அவள் எந்த ஊர் என்று கடைக்காரரைக் கேட்டால், "மரீக்கேம்மாவா? நம்ம ஊருதான் சார்" என்பார்.

அவள் என்னிடம் டச்சில் பேசினாள். யூட்ரெக்டில் நான் டச்சில் ஒரு வாக்கியம் தொடங்கினால், எதிரில் இருப்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அதனால் இத்தனை வருடத்தில் அந்த மொழி எனக்கு வாய்க்கவில்லை. மரீக்கே மாறவில்லை. நான் சொல் தேடித் திணறும்போது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஹௌஸ் என்றால் கட்டடம், தௌஸ் என்றால் அதற்குள் நீ நீயாக இருப்பது என்று சொல்லித் தந்தாள். தமிழில் எப்படி என்று கேட்டாள். இரண்டுக்கும் வீடு என்றுதான் சொல்வோம், முக்திக்கும் அதே சொல்தான் என்றேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. 'சும்மா' என்ற சொல்லைக் கேட்டிருக்கிறாள், சும்மா இருப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் இந்த ஊருக்கு வந்ததாகச் சொன்னாள். வேலை வெட்டி இல்லாதவனை எங்கள் தெருவில் அப்படித்தான் கேட்பார்கள் என்று விளக்கினேன். "அப்படியானால் உங்கள் தெருவில் எல்லோருக்கும் அந்த நிலை தெரிந்திருக்கிறது" என்று தலையசைத்தாள். திருத்தும் அளவுக்கு எனக்கு டச்சு வரவில்லை.

ஒருநாள் மதியக் கூட்டத்தை யான் தள்ளிவைத்துவிட்டார். கடையில் மரீக்கேயோடு உட்கார்ந்தேன். டச்சில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'டெ' வரும், எதற்கு 'ஹெட்' வரும் என்று பேசிக்கொண்டே நேரம் போயிற்று. நன்றாக இருந்தது அந்த மத்தியானம். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வழக்கமான பஸ்ஸில் ஏறி, பொழுது சாயும் நேரத்தில் ஊர் வந்து சேர்ந்தேன். வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா மாவு அரைத்த கையோடு வெளியே வந்தார். "தம்பி, உங்களுக்குச் சொல்லலியா? காலையில அப்பாவுக்கு மயக்கம் வந்துடுச்சி. சுகர் மாத்திரயப் போட்டுட்டு சரியா சாப்புடல போல, சுகர் கம்மியாயிடுச்சாம். எங்க வூட்டுக்காரரு குட்டியானை வண்டியில வெச்சித் திருவண்ணாமலைக்கு இட்டுக்கினு போனாரு. இப்ப நல்லா கீறாராம், பயப்படாதீங்க."

நான் வந்த ரோட்டிலேயே ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். அந்த மருத்துவமனைக்கும் என் காபிக் கடைக்கும் டீ ஆறுவதற்குள் போய்விடும் தூரம். காலையிலிருந்து அப்பாவும் நானும் ஒரே ஊரில்தான் இருந்திருக்கிறோம். என் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒரு அழைப்புக்கூட வந்திருக்கவில்லை.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏம்மா போன் பண்ணல?"

"வேலைக்குப் போனவன எப்பிட்றா கூப்புடறது?" என்றாள் அம்மா. "அந்த ஊரு தொர இன்னா சொல்வானோன்னு இருந்துச்சி. நீ வூட்ல இருந்திருந்தா ஒரு குரல் கொடுத்திருப்பேன். ஆபீஸ்ல இருக்கியேன்னு நானே சமாளிச்சிக்கினேன்."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். என்னைத் தொந்தரவு செய்யாமல் இத்தனையும் தானே பார்த்துக்கொண்டதற்கு நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன். அப்பா கண் திறந்தார்.

"வேல முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சுப்பா."

"இன்னிக்கு ஜாஸ்தியா?"

நான் அவர் காலைப் போர்வையால் மூடினேன். "கம்மிதாம்பா" என்றேன். அவருக்கு அது திருப்தியாக இருந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மருத்துவமனை வராந்தாவில் நின்று யானுக்குப் போன் செய்தேன். அப்பாவின் உடல்நிலையைச் சொல்லி, நாளைக்கு வரமாட்டேன், அடுத்த வாரங்களிலும் நடுநடுவே எழுந்து போவேன் என்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அதுவும் டச்சில். அவர், "உன் அப்பாவுக்காகவா போயிருக்கிறாய்?" என்று கேட்டார். உங்களிடம் சொல்லித்தானே வந்தேன் என்றேன். 'குடும்ப விஷயம்' என்றுதான் நான் சொன்னேனாம். அவர் இணையத்தில் திருவண்ணாமலை என்று தேடிப் பார்த்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் கண்மூடி உட்கார்ந்திருக்கும் படங்களாக வந்திருக்கின்றன. நான் மனம் சோர்ந்து தியானத்துக்குப் போயிருக்கிறேன், சொல்லக் கூச்சப்படுகிறேன் என்று குழு முழுக்க நினைத்துக்கொண்டிருந்ததாம். அதனால்தான் யாரும் அதிகம் தொந்தரவு செய்யவில்லையாம். "உன் டச்சு ரொம்ப நன்றாகிவிட்டது, எங்கே கற்றாய்?" என்றும் கேட்டார். பதில் சொன்னால் இன்னும் குழப்பம் என்று விட்டுவிட்டேன்.

அறையைக் காலி செய்தேன். மிச்சமிருந்த வாரங்களில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேஜையைப் போட்டுக்கொண்டேன். மாத்திரைக்கு முன்னால் அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பேன். நடக்கும் நேரத்தில் 'அப்பாவோடு நடக்கப் போகிறேன்' என்று எழுதி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். தெருவில் மறுபடி பேச்சு எழுந்தது. அம்மா ஒருநாள் வாசலில் யாரிடமோ, "அவுங்க ஆபீஸ்ல வூட்டுக்கே அனுப்பிட்டாங்க" என்று சொல்வது கேட்டது. கேட்டவருக்கு அது எப்படிப் புரிந்ததோ. அவள் சொன்னது பொய்யும் இல்லை. அப்பா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறிய பிறகு நான் விமானம் ஏறினேன்.

இப்போது யூட்ரெக்டில், மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, அம்மா வீடியோவில் அழைக்கிறாள். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. போனை அப்பாவின் கட்டிலுக்கு எதிரில் எதன்மீதோ சாய்த்து வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். நானும் என் போனைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். அப்பா சில சமயம் தூங்குவார், சில சமயம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே பஸ் ஹாரன் கேட்கும், இங்கே மழை கேட்கும். இதில் எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு நேரம் வீடு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. நேற்று முற்பகல் அழைப்பு மணி அடித்தது. "யாரோ வந்திருக்காங்க, கதவத் தொற" என்று அப்பா சத்தமாகச் சொன்னார். இங்கே நானும் அங்கே அம்மாவும், இரண்டு பேர் எழுந்தோம். நான் கூடத்தைத் தாண்டிப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். நனைந்த சட்டையோடு கூரியர்க்காரர் ஒரு பெட்டியை நீட்டினார். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பின்னால், மேஜைமேல் இருந்த போனில் அம்மாவின் குரல் கேட்டது. கீழ்பென்னாத்தூர் வீட்டு வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள், "யாரும் இல்லியே."