சப்பாத்துத் திருடன்

ஜப்பானிய மலையில் முழங்கால் ஆழப் புதுப்பனி. புதையாமல் நடக்க, சப்பாத்துக்கு அடியில் அகலமான பனிமிதியடிகளைக் கட்டிக்கொண்டு வாத்துபோல் ஏறுகிறோம். “குனோங் லம்பாக் மலை ஏறுனவனுக்கு இதெல்லாம் சும்மாலா” என்று எங்கள் ஊரான ஜோகூர் மாசாயிலேயே ஆரம்பித்த என் வீட்டுக்காரர், பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டார். மலைக்கு நன்றி.

மேலே ஒரு மரக்குடில். மாசாய் வீட்டுப் பழக்கத்தில் சப்பாத்து, பனிமிதியடி எல்லாவற்றையும் கழற்றி, கதவுக்கு வெளியே அழகாக அடுக்கிவிட்டு, உள்ளே போய் ஆற அமர சூப் குடிக்கிறோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வெறும் வெள்ளை.

“அலமாக், சப்பாத்தத் தூக்கிட்டானுங்க! நம்ம கோயில்ல நடக்குறது இங்கயும் நடக்குதுலா!” என்று அலறுகிறார் வீட்டுக்காரர்.

குடிலை நடத்தும் பெண் அவருடைய காலுறையைப் பார்க்கிறாள். வெளியே கொட்டும் பனியைப் பார்க்கிறாள். “உங்கள் ஊரில் பனி பெய்யாதா?” என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்கிறாள். பிறகு, திருடனைப் பிடிக்க அவர் கையில் பனி அள்ளும் ஷவலைக் கொடுக்கிறாள்.