பதினான்கு மனுவும் பதினோரு மானும்

“மனுதாரர் முத்துத்தாய், பெண், வயது சுமார் ஐம்பது. வனவிலங்குகள் மீது தீராத பகை கொண்டவர். ஓயாமல் மனுக் கொடுக்கும் சுபாவம். வெளிமான் பாதுகாப்பு விஷயத்தில் இவரிடம் எவ்வித ஒத்துழைப்பையும் எதிர்பார்ப்பதற்கில்லை.”

1977-ல், சங்கரன்கோவிலில் வாடகை வீடொன்றில் நடந்துவந்த வன அலுவலகத்தின் கோப்பில் இப்படி எழுதியிருந்தது. எழுதியவர் முத்துத்தாயைப் பார்த்ததில்லை. மானையும் பார்த்ததில்லை என்று கேள்வி. அதனால்தான் இவ்வளவு உறுதியாக எழுத முடிந்தது. பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

திருவேங்கடத்திலிருந்து இளையரசனேந்தல் போகிற வழியில், ஓர் ஓடையை ஒட்டி முத்துத்தாய்க்கு நாலு ஏக்கர் கரிசல் இருந்தது. அம்மா வழியில் வந்த நிலம். மழையை நம்பி உளுந்தும் கம்பும் பருத்தியும் போடுகிற பூமி. அவளுடையதோடு சேர்த்து எட்டுப் பேர் நிலம் அந்த ஓடைக்கரையில் வந்து முடிந்தது. எட்டிலும் கரையோரமாகக் கொஞ்சம் புல் மண்டிய தரிசு. அந்தத் தரிசில்தான் பதினோரு வெளிமான்கள் குடியிருந்தன. கிடா ஒன்று, முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாக, கல்யாண வீட்டில் தாய்மாமன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியும். பெட்டைகள் புல்லுக்குள் குட்டி போடும். புல் பிடிக்காதபோது உளுந்தைத் தின்னும். பெரும்பாலும் புல் பிடிக்காது.

உளுந்து போகும்போதெல்லாம் முத்துத்தாய் பஸ் ஏறிச் சங்கரன்கோவில் வருவாள். தாலுகா ஆபீஸ் முன்னால் மனு எழுதும் சண்முகையாவிடம் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் எழுதுவார். ஒரு வார்த்தை குறையக் கூடாது. இப்படி மூன்று வருஷத்தில் பதினான்கு மனு.

புதிதாக மாற்றலாகி வந்த ரேஞ்சர் ஜஸ்டஸ் பதினான்கையும் படித்தார். அந்த அலுவலகத்தில் அதற்கு முன்மாதிரி கிடையாது. “மேற்படி மான்களில் இடது காது கிழிந்த பெட்டையானது ஐப்பசி ஏழாம் தேதி ஒரு குட்டி போட்டு, அக்குட்டி எனது உளுந்தில் நான்கு நாள் படுத்திருந்து...” என்று ஒரு மனு. “மேற்படி கிடாவுக்கு வலது கொம்பின் நுனி ஒடிந்த பிறகும் திமிர் குறையாமல்...” என்று இன்னொன்று. துறை ஆள் வைத்து எண்ணி, மான்கள் “சில” என்று எழுதியிருந்த இடத்தில், இந்தப் பகையாளி ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் கணித்து வைத்திருந்தாள். கடைசி வரி பதினான்கிலும் ஒன்றே: “ஆகவே வன அதிகாரி சமூகம் அவர்கள் மேற்படி பிராணிகளை அடி உதை இல்லாமலும், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்காமலும் பத்திரமாக வேறெங்காவது கூட்டிப்போக வேண்டியது.”

ஜஸ்டஸ் மறுநாளே பஸ் ஏறினார்.

“பதினாலு மனு போட்டதுக்கு ஒருத்தரா வாரீக?” என்றாள் முத்துத்தாய். “மானக் கூட்டிட்டுப் போக லாரி எங்க?”

“லாரி இல்லம்மா. ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். இவ்வளவு கோவம் இருக்கு, ஒரு கண்ணிகூட நீங்க வைக்கலியே?”

“நல்லாக் கேட்டீக போங்க. களவாணிப் பய வீடா இருந்தாலும் பிள்ளத்தாச்சி இருக்கையில அடிக்கப் போவாகளா? ஏசத்தான் முடியும். நான் பாட்டுக்கு ஏசுதேன், அது பாட்டுக்குத் திங்குது.”

ஏசாதவர்கள்தான் ஆபத்து என்று அவளே சொன்னாள். நாயை விட்டு விரட்டுகிறவர்கள், உளுந்துக்காக விரட்டவில்லை. மான் நிற்கிற நிலத்தைச் சர்க்கார் சரணாலயம் என்று எடுத்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மானே இல்லாவிட்டால் எதை வைத்து எடுப்பார்கள்? மானைக் காக்கச் சட்டம் வந்ததால் மானுக்கு ஆபத்து வந்த கதை இது.

ஜஸ்டஸ் எட்டுப் பேரிடமும் போனார். “கட்டாயம் இல்லை. கரைத் தரிசை மட்டும் உழாமல் விடுங்கள், போதும்” என்று கேட்டார். எட்டுப் பேரும் “பாப்போம்” என்றார்கள். அந்தப் பக்கத்தில் “பாப்போம்” என்றால் முடியாது என்று அர்த்தம். கடற்கரைப் பக்கத்துக்காரரான ஜஸ்டஸ் சரி என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், தரிசின் எல்லை தெரியட்டும் என்று வனக் காவலரை விட்டு, சுண்ணாம்பு அடித்த கல் நாற்பது நட வைத்தார்.

கரிசலில் வெள்ளைக் கல் நடுகிறவர் சர்வேயர் ஒருவர்தான். அவர் பின்னாலேயே சர்க்கார் வரும்.

மறுநாள் விடியும்போது தரிசின் ஓரத்தில் ஏழு ஏர் பூட்டி நின்றன. புல்லுக்குள் காது கிழிந்த பெட்டையின் குட்டி, பிறந்து இரண்டு நாள், ஆடாமல் அசையாமல் படுத்திருந்தது. அந்த வயதில் மான்குட்டிக்கு ஓடத் தெரியாது. கலப்பை வந்தாலும் படுத்தே கிடக்கும். அது எங்கே கிடக்கிறது என்று முத்துத்தாய்க்குத் தெரியும். முன்னேரைப் பிடித்திருந்தவர் வெள்ளத்துரை. அவளுக்குக் கொழுந்தன் முறை, அங்கே அதிக நிலம் உள்ளவர்.

“கொழுந்தனாரே, நிப்பாட்டும்!”

“தள்ளுங்க மதினி. கல்லு நட்டாச்சு. இன்னைக்கு உழுதா நிலம் நம்மது, நாளைக்கு உழுதா கேசு.”

“இந்தக் கல்லுக்கா இப்படிப் பயப்படுதீரு?” குனிந்து ஒரு கல்லைப் பிடுங்கி அவர் காலடியில் போட்டாள். “நட்டவரு வாசல்லயே கொண்டுபோய்க் கொட்டிட்டு வருவோம். வண்டியக் கட்டும்! இல்ல, ஆபீசரப் பாக்க அம்புட்டு நடுக்கமா?”

“யாருக்கு நடுக்கம்? ஏலே, அவுத்து விடுங்கலே மாட்ட!”

சர்க்கார் சாமானைச் சர்க்கார் தலையிலேயே திருப்பிக் கொட்டுகிற சந்தோஷம் எல்லோருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. ஏழு ஜோடியும் ஏரைவிட்டு வண்டிக்கு மாறின. கல்லை ஏற்றிக்கொண்டு, பாட்டும் கும்மாளமுமாகப் புறப்பட்டார்கள். பூட்டியிருந்த ஏரை மதினி தந்திரமாக அவிழ்க்க வைத்துவிட்டாள் என்பது வெள்ளத்துரைக்கு நாலு மைல் தாண்டித்தான் உறைத்தது. அவ்வளவு தூரம் வந்தபின் திரும்புவது கௌரவம் இல்லை.

மத்தியானம் அலுவலக வாசலில் நாற்பது கல்லும் இறங்கின. ஜஸ்டஸ் வெளியே வந்து கல்லைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார்.

“தப்பு என்னுதுதான் அண்ணாச்சி” என்றார். “நிலத்த யாரும் எடுக்க மாட்டாக.”

“சத்தியம் பண்ணும்” என்றார் வெள்ளத்துரை.

“எங்க சபையில சத்தியம் பண்ணுத வழக்கம் இல்லையே. எழுதித் தாரேன். நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா...”

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. கைநாட்டு வைத்து நிலம் போனவர் கதை அங்கே ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது.

முத்துத்தாய் குறுக்கே வந்தாள். “இதுல என்ன சண்ட? சத்தியம் பண்ணாத ஆளு எழுதிக் குடுக்கட்டும். எழுதாத ஆளுக நாம சத்தியம் பண்ணுவோம். கோயில் இங்கனதான இருக்கு?”

ஜஸ்டஸ் அங்கேயே எட்டுப் பிரதி எழுதினார். மான் தங்குவதாலோ பெருகுவதாலோ நிலத்தை எடுப்பதில்லை, புதுக் கட்டுப்பாடு போடுவதில்லை. பயிரில் இறங்கினால் தகரம் தட்டி விரட்டலாம், வழக்கு இல்லை. பதிலுக்குத் தரிசை உழாமல், தீ வைக்காமல், நாய் விடாமல் இருக்க வேண்டும். இஷ்டமில்லாதவர் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம். மேலிடத்து முத்திரை மூன்று வாரத்தில் வாங்கித் தருவதாகச் சொன்னார், வாங்கியும் தந்தார்.

“விலகிக்கிடலாம்னு இருக்கா?” வெள்ளத்துரை அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். “அப்பச் சரி, இருப்போம்.”

சாயங்காலம் நடை திறந்ததும் எட்டுப் பேரும் கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண்ணைக் கையில் வாங்கி, நெற்றியில் பூசி, ஒரு துளி வாயிலும் போட்டுக்கொண்டார்கள். அந்த மண்ணைத் தொட்டுச் சொன்ன சொல்லைத் தப்பினவர் அந்தப் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் வெளியே சொல்லிக்கொள்ளமாட்டார். ஜஸ்டஸ் வெளியே நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் விடிய ஊர் திரும்பியபோது குட்டி புல்லில் இல்லை. தாயோடு முத்துத்தாயின் நிலத்தில் நின்றது. “எந்திரிச்ச அன்னைக்கே என் பிஞ்சையிலதான் வந்து நிக்கணுமா, மூதேவி!” என்று அவள் போட்ட சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஏழு பேரும் சிரித்த சிரிப்பில் கிடா மிரண்டு துள்ளிய துள்ளலை வெள்ளத்துரை பல வருஷம் நடித்துக் காட்டினார். பின்னாளில் வெளியூர்க்காரர்களிடம் அவர் “எங்க மானு” என்றுதான் சொல்வார்.

ஒன்பது வருஷத்தில் யாரும் விலகவில்லை. விலகலாம் என்று இருந்ததால் அவசரம் இல்லாமல் போயிருக்கும். ஜஸ்டஸ் மாற்றலாகிப் போனார், காகிதம் இருந்தது. மனுவும் நிற்கவில்லை. 1986-ல் சண்முகையா எழுதிய முப்பத்தோராவது மனு, மேற்படி பிராணிகள் இப்போது நாற்பத்து மூன்று என்றும், திமிர் அதே விகிதத்தில் பெருகியிருப்பதாகவும் தெரிவிக்கிறது. கோப்பில் முத்துத்தாயைப் பற்றிய குறிப்பை யாரும் திருத்தவில்லை.

அவள் தன் நாலு ஏக்கரில் முக்கால் ஏக்கரை ஒன்பது வருஷம் உழாமல் விட்டாள். மற்ற ஏழு பேரையும் விட வைத்தாள்.