துடுப்பு முனையில் ஒரு கொள்ளை

செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாவி. அங்கே கட்டிக் கிடக்கும் தோணி என்னுடையது. நான் மீன்பிடிக்காரனல்ல, வருடத்தில் இரண்டு தடவை அதில் ஏறினால் அதிகம். ஆனாலும் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அதை எடுத்துக்கொண்டு போன அன்று, சொத்தெல்லாம் பறிகொடுத்தவன்போலப் பொலிசுக்கு ஓடினேன்.

காரணம் தோணி அல்ல. மகளின் கல்யாணத்தில் நான் முன்னின்று ஆக்குவித்த இறால் கறியை, பந்தி முழுக்கக் கேட்க 'உப்பில்ல' என்றவன் அவன். நாலு மாதமாகப் பேச்சில்லை. உப்புக் குறைவுதான், அது வேறு விஷயம்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. அவசரத்துக்கு அடுத்தவன் தோணியை எடுப்பவன் கரையைப் பார்த்துத் துடுப்பை நிமிர்த்திக் காட்டுவான். எடுக்கிறேன், கொண்டுவந்து கட்டுவேன் என்று அர்த்தம். உடையவன் சத்தம் போடாவிட்டால் சம்மதம். மச்சானும் காட்டினான். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை.

பொலிசில் இருந்த சார்ஜன் வெளியூர்க்காரர், எங்கள் பழக்கம் தெரியாதவர். பொறுமையாக விளக்கினார்.

"கேக்காம எடுத்தா களவு. அடிச்சோ, அடிப்பன் எண்டு பயங்காட்டியோ எடுத்தா கொள்ளை. அது பெரிய குற்றம். கையில ஏதும் வெச்சிருந்தவரா?"

"துடுப்பு."

"ஓங்கினவரா?"

தோணியில் ஏறுகிறவன் கையில் துடுப்பில்லாமல் அகப்பையா இருக்கும்? ஆனால் வெறும் களவு கோழி பிடித்தவனுக்குரியதாகப் பட்டது. என் கோபத்துக்கு அது காணாது.

"ஓம் ஐயா, ஓங்கினவன்," என்றேன். அவரும் அப்படியே எழுதினார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டாள்.

"உங்களுக்கென்ன விசரா? அவனுக்குக் கட்டார் விசா வந்திருக்கு. பொலிஸ் ரிப்போட்டுக்குக் கிராம சேவகர்ர ஒப்பம் வேணும். அவர் அக்கரை வயல் வட்டையில வெள்ளாமை பாக்கப் போனவராம். அதுக்குத்தான் தோணி எடுத்தவன். கொள்ளைக்காரன் எண்டு எழுதிக் கிடந்தா ஆரு அவன விடுவான்? மூணு புள்ளையளும் என்னத்தத் தின்னுற?"

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. திரும்பவும் ஓடினேன்.

அதற்குள் அவனைக் கூட்டிவந்து வாங்குப் பலகையில் இருத்தியிருந்தார்கள். ஒப்பம் வைத்த கடதாசி மடியில் இருந்தது. அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன்: துடுப்பு, பழக்கம், நுரை, கடைசியில் உப்பும்.

"அப்ப கொள்ளையும் இல்ல, களவும் இல்ல," என்றார் சார்ஜன். "களவெண்டாலும் எடுக்கிறவருக்குக் கள்ள எண்ணம் வேணும். பொய் முறைப்பாடு எண்டும் ஒரு குற்றம் இருக்கு. இஞ்ச அது மட்டுந்தான் நடந்திருக்கு."

அரை மணித்தியாலம் ஏசிவிட்டு, முறைப்பாட்டை வாபஸ் வாங்கினதாக என்னிடம் கையெழுத்து எடுத்தார். மச்சான் என்னைப் பாராமலே இறங்கிப் போனான்.

அவன் கட்டாருக்குப் புறப்பட்ட அன்று வழியனுப்பப் போக எனக்கு முகமில்லை. மழைக்குக் குடை பிடித்து வாசலில் நின்றேன். அவனை ஏற்றிய வேன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் நின்றது. இறங்கியவன் என்னிடம் வரவில்லை. வீட்டோரமாக நேரே கரைக்குப் போய், நான் பின்னால் வந்து நிற்க, என் தோணியில் கிடந்த துடுப்பை எடுத்து, என்னைப் பார்த்து நிமிர்த்திக் காட்டினான்.

என் வாயில் அன்று நுரையில்லை. ஆனாலும் சத்தம் போடவில்லை. குடையை மடக்கி, மழையில் நனைந்துகொண்டே நிமிர்த்திக் காட்டினேன்.