நூலகத்தில் ஒரு தமிழ்க் கதை

ஆக்லாந்தில் என் மகள் படிக்கும் பள்ளியில், இந்த ஆண்டு முழுவதும் நூலகத்தில் இத்தாலிய மொழி வகுப்பு நடந்தது. ஆண்டு முடிவில், பிள்ளைகள் மற்ற மொழிகளையும் கேட்கட்டும் என்று, பெற்றோரும் அந்த வகுப்புக்கு வந்து அவரவர் மொழியில் ஒரு கதை வாசிக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் மகள் அன்று, "தமிழ்ல படிங்கப்பா" என்று ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தையும் என் கையில் கொடுத்தாள்.

எனக்கு முன் சமோவா தீவைச் சேர்ந்த ஓர் அப்பா தன் மொழியில் கணீரென்று வாசித்தார். என் முறை வந்ததும் எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. யாருக்குப் புரியப்போகிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஆங்கிலக் கதை ஒன்றை எடுத்து வாசித்தேன். மகள் தலை நிமிரவே இல்லை.

முடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "நன்றி" என்றார்கள். ஒரு வாரமாக என் மகள்தான் சொல்லிக்கொடுத்தாளாம். ஆசிரியை சொன்னார்.

அன்று அந்த வகுப்பே தமிழ் பேசியது. நான்தான் பேசவில்லை.