தார் ரோட்டின் ஓரம்

குளத்தூர்ப் பக்கம் எனக்கு மருத்துவச்சி வேலை கிடைத்தபோது சர்க்கார் ஒரு சைக்கிளும் கொடுத்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. புடவை கட்டியவள் சைக்கிள் மிதிப்பதை ஊர் ஒரு மாதம் வேடிக்கை பார்த்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகாதது அந்த ரோடுதான். தார் போட்ட பகுதி ஒரு பஸ் போகும் அகலமே இருந்தது. எதிரே பஸ் வந்தால் நாம்தான் இறங்க வேண்டும். மழை அரித்து, ஓரம் ஒரு சாண் பள்ளமாகக் கிடந்தது.

ஒருநாள் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு மருமகளுக்கு வலி கண்டுவிட்டதென்று ஆள் வந்தது. அவசரமாகப் போகையில் பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்கினேன். சக்கரம் பள்ளத்தில் விழுந்து, நான் ஜல்லியில் விழுந்தேன். முழங்கை தோலுரிந்து ரத்தம் வழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பெண் குழந்தை. தாயும் நலம்.

அடுத்த சில மாதங்களில் அந்த ரோட்டுக்குப் புதுத் தார் போட ரோலர் வந்தது. தாரின் உயரம் இன்னும் கூடினால் ஓரத்துப் பள்ளமும் கூடுமே என்று எனக்குப் பயம். ரோடு வேலையைப் பார்த்த ஓவர்சியரிடம் போய் ஓரத்தையும் சேர்த்துச் சரிசெய்யச் சொன்னேன்.

"எஸ்டிமேட்ல தார் மட்டுந்தான் இருக்கு, நர்சம்மா. ஓரத்துக்கு மண்ணு கெடையாது."

"மண்ணை நாங்க கொண்டாந்து கொட்டுனா?"

அவர் யோசித்தார். "ரோலர் இங்க நிக்கிறவரைக்கும் உருட்டித் தாரேன். அடுத்த வாரம் விராலிமலைப் பக்கம் போயிரும். அதுக்குள்ள வரணும்."

அன்று மாலையே தலைவர் வீட்டுக்குப் போனேன். ஊருக்கு மேற்கே செம்மண் சரளை மேடு இருந்தது. மாட்டு வண்டிகள் அவர் சொன்னால்தான் கிளம்பும். அவர் சிரித்தார்.

"சைக்கிள் வச்சிருக்கவங்களுக்காக வண்டிமாட்டை அலைய விடச் சொல்றீங்களா?"

கதவோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மருமகள் பேசினாள்.

"மாமா, அன்னைக்கு இவங்க கையில ரத்தத்தோடதான் வந்தாங்க. அந்தப் பள்ளத்துல காலு ஒடிஞ்சிருந்தா எங்க ரெண்டு பேரு கதி என்ன?"

மாமனார் முன்னால் அவள் அதற்குமுன் குரலெடுத்ததே இல்லையாம். பெரியவர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நீங்க போங்கம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தமென்று தெரியாமல் திரும்பினேன்.

விடிந்ததும் வண்டிகள் வரிசையாக நின்றன. பால்காரர், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று சைக்கிள்காரர்கள் எல்லாம் மண்வெட்டியோடு வந்தார்கள். தார் விளிம்புக்குச் சமமாகச் சரளை கொட்டி, தண்ணீர் தெளித்தார்கள். ஓவர்சியர் ரோலருக்குப் பின்னாலேயே நடந்து, மழைநீர் வெளியே ஓட வாட்டம் பார்த்தார்.

ஐப்பசி மழையில் பாலத்தருகே மட்டும் கொஞ்சம் அரித்தது. மற்ற இடமெல்லாம் சரளை அசையாமல் நின்றது. பிறகொருநாள் ஓவர்சியரைச் சந்தையில் பார்த்தேன்.

"இப்பல்லாம் ரோலர் போறதுக்கு முன்னாடியே அந்தந்த ஊருக்கு நான் சொல்லி அனுப்பிடுறேன், நர்சம்மா. அங்கிட்டு மண்ணு தயாரா கெடக்கு" என்றார்.

எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. வீடு திரும்பும்போது பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. பிரேக்கைத் தொடாமலே ஓரத்துக்கு இறங்கி, மிதித்துக்கொண்டே போனேன்.