டெல்வின் பெயருக்கு எதிரே இருந்த தேதி

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் மார்வா லன்ட். அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு உருளைக்கிழங்கு ஆலையில் அழுகலைப் பொறுக்கி எறியும் வேலையில் இருபத்தாறு வருடமாக நின்றுகொண்டிருந்தாள்; அந்த இரைச்சலில் இடது காது போயிற்று. நாற்பத்தாறு வயதில் நூலகத்தில் உட்கார்ந்து கணினி கற்றாள். போலீஸ் கைவிட்ட நான்கு பழைய கொலைகளில், கொலைகாரனின் மரபணுவோடு ஒத்துப்போன தூரத்துச் சொந்தங்களைத் தேடிப்பிடித்து, குடும்ப மரம் வரைந்து, ஆளைக் காட்டினாள்.

ஐந்தாவது அவள் ஊரிலேயே நடந்தது. உணவு விடுதியில் பரிமாறிக்கொண்டிருந்த நடீன் ஆர்கட்டை 1983இல் கால்வாய்க் கரையில் யாரோ ஒருவன் கொன்று போட்டிருந்தான். மரம் போல்டன் தம்பதியின் மகன்களில் வந்து நின்றது. மகன்கள் இருவர். மூத்தவன் டெல்வின் குடிகாரன், செத்து இருபது வருடம். இளையவன் தேய்ன் பாசன வாரியத் தலைவர். அந்த வட்டாரப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் காஸோடு மான் வேட்டைக்குப் போகிறவர்.

காஸ் யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்களைக் கூட்டி டெல்வின் பெயரை அறிவிக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

டெல்வினின் மகள் கொரினும் அதே ஆலையில்தான் வேலை செய்தாள். சேதி காதுக்கு எட்டியதும், புதன்கிழமை காலை மார்வா முன்னால் கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

"எங்கப்பா குடிச்சாரு, பாத்திரத்த ஒடச்சாரு. அதுக்காகக் கொலகாரரா? ஒங்க மரத்துல அப்படித்தான் காய்ச்சுதாக்கா?"

மார்வாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல, ஊர்க் கிறிஸ்தவ சபையின் குடும்பப் பதிவேட்டில் இருந்ததை அவளும் அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். விடுப்பு சொல்லிவிட்டு வந்து பதிவை வரிவரியாகப் படித்தாள். டெல்வின் பெயருக்கு எதிரே ஒரு தேதி இருந்தது: மறுமையிலும் ஒரே குடும்பமாக இருக்க, பெற்றோரோடு அவனைச் சபைக் கோயிலில் பிணைத்த சடங்கு. அப்போது அவனுக்கு நான்கு வயது. கோயிலில் மணமுடித்தவர்களுக்குப் பிறந்த பிள்ளை பிறப்பிலேயே பிணைந்தது; அதற்கு அந்தச் சடங்கே கிடையாது. போல்டன் தம்பதி கோயிலில் மணமுடித்ததோ டெல்வின் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பு. அவன் எடுத்து வளர்த்த பிள்ளை. பதிவேட்டில்தான் மகன், இரத்தத்தில் இல்லை.

மறுநாள் அண்ணன் ரீடோடு காஸின் அலுவலகத்துக்குப் போய்த் தாளை மேசையில் வைத்தாள்.

"விடுங்க சகோதரி," என்றார் காஸ். "செத்தவன் கோவிச்சுக்க மாட்டான்."

"அதனாலதான அவன் பேரப் புடிச்சீங்க? வேட்டைநாய்கூட மோந்து பாத்துட்டுதான் ஓடும். தேய்னோட எச்சில எடுத்துச் சோதிங்க."

"தேய்ன் ஒங்கண்ணன் வயலுக்குத் தண்ணி விடுற மனுஷன்."

"நடீனையும் தண்ணி ஓரமாத்தான் போட்டாங்க."

காஸின் முகம் கறுத்தது. "கொடுத்தவங்க பேரில்லாத தாள் வெறும் துப்பு. அத வச்சு நீதிபதிகிட்டப் போக முடியாது. உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்துப் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரியும், பரவால்லயா?"

இந்த மரம் வரையும் வேலை செய்கிறவர்கள் தங்கள் பெயரைப் போடுவதில்லை. மரத்தில் இருப்பவர்கள் சண்டைக்கு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மார்வா அண்ணனைப் பார்த்தாள்.

"வயல் என்னோடது, நான் பாத்துக்கறேன்," என்றான் ரீட். "நீ பேனா எழுதுதான்னு பாரு."

காஸ் தட்டச்சு செய்துகொடுத்த பத்திரத்தை மார்வா இரண்டு முறை படித்தாள். டெல்வின் பிறந்த வருடம் தப்பாக இருந்தது; அடித்துத் திருத்தினாள். பிறகு கீழே முழுப் பெயரையும் எழுதி, பக்கத்தில் நாளைக் குறித்தாள்: 2021 மார்ச் 11.