டெலிபோனில் கதறிய பெட்டி

கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பதுகூடச் சுலபம். அதை இன்னொரு கம்ப்யூட்டரோடு டெலிபோனில் பேச வைப்பது கல்யாணத்துக்குச் சம்பந்தம் பேசுவது மாதிரி, இரண்டு பக்கமும் சரி சரி என்பார்கள், காரியம் மட்டும் நடக்காது. இன்றைக்கு இணையம் வரவில்லை என்று சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கிறீர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி. என்ன, நான் கொஞ்சம் முன்னாலேயே சேர்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். வீடு குனோங் ராபாட்டில். சேர்ந்தது டைப்பிஸ்டாகத்தான். பொழுது போகாமல், மெஷின்களோடு வந்த தடிப் புத்தகங்களைப் படித்துவிட்டேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. தோட்டத்து ஆபீசில் வைக்கப்போகும் பழைய கம்ப்யூட்டரை, கோலாலம்பூர் தலைமை ஆபீசில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரோடு டெலிபோன் வழியாக இணைக்க வேண்டும். கடை முதலாளி தவுக்கே லியோங் எங்கள் மூன்று மெக்கானிக்குகளையும் பார்த்தார். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு தவுக்கே என் பக்கம் திரும்பினார். "நீதானே புக்கு படிச்சே, மாலதி? நீயே போ லா."

ஓரம் அடிப்பீங்களா?

கையோடு எடுத்துப் போகும் கம்ப்யூட்டர் என்றுதான் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். யாருடைய கை என்று போடவில்லை. பன்னிரண்டு கிலோ. மூடினால் கைப்பிடி வைத்த பெட்டி. திறந்தால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சைத் திரை, பக்கத்தில் டிஸ்க் போட இரண்டு வாய். தலைமை ஆபீசில் கழித்துப் போட்டதைக் கடையில் துடைத்து, ஓட வைத்து, நானே தூக்கிக்கொண்டு கோப்பெங் பஸ்ஸில் ஏறினேன். கோப்பெங்கிலிருந்து தோட்டத்து லோரியில், உர மூட்டைகளுக்கு நடுவில் பயணம்.

ஆபீஸ் வாசலில் பெட்டியை இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மரம் வெட்டி (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதற்குத் தோட்டத்தில் அதுதான் பேர்) முடித்து வந்த ஓர் அக்கா பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். வீட்டுக்குப் போனார், ரவிக்கைத் துணியோடு திரும்பி வந்தார். ஓரம் மட்டும் அடித்துக் கொடுத்தால் போதும் என்றார். "இது தையல் மெஷின் இல்லக்கா, கோலாலம்பூரோட பேசுற மெஷின்" என்றேன். "பேசத்தான் டெலிபோன் இருக்கே?" என்றார். "இதுவும் டெலிபோன்லதாங்க்கா பேசும்" என்றேன். அக்கா துணியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். "தைக்கவும் மாட்டேங்குது, டெலிபோன் இல்லாம பேசவும் மாட்டேங்குது. இதுக்கா இந்த வெயில்ல இப்படித் தூக்கிட்டு அலையிறீங்க?"

எந்த டிவிஷன்?

அந்த ஆபீசின் பெரிய கிராணி சிதம்பரம். கிராணி என்றால் தோட்டத்தில் குமாஸ்தா. ஐம்பது வயதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு, தோட்டத்தின் நாலு டிவிஷனிலும் எடுத்த ரப்பர் பாலின் எடையையும் டெலிபோனில் கோலாலம்பூருக்கு வாசித்துக்கொண்டிருந்தார். இப்போது அதை மெஷின் அனுப்ப வேண்டுமாம். அடுத்த மாதக் கடைசியில் மூன்று நாள் தொடர்ச்சியாகப் பிழையில்லாமல் வராவிட்டால், இந்த ஆபீசை மூடிப் பக்கத்துத் தோட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் சிதம்பரத்துக்கு வேலையும் இல்லை, ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் கிராணி வீடும் இல்லை. மகளுக்கு அந்த வருஷம் எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை வேறு. இதெல்லாம் எழுதியிருந்த கடிதத்தை எனக்குக் காட்டிவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார். அவருக்கு மெஷினைப் பிடிக்கவில்லை. ஆனால் அது வேலை செய்தே ஆகவேண்டும்.

தலைமை ஆபீஸ் அனுப்பிய டிஸ்க்கைப் போட்டேன். திரையில் ஒரு கேள்விக்குறி வந்தது, அவ்வளவுதான். புது மெஷின்களுக்குள் புது சிஸ்டம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பெட்டிக்குள் இருந்தது அதற்கு முந்தினது. புது டிஸ்க்கை அதற்குப் படிக்கவே தெரியாது. தலைமை ஆபீசில் கேட்டால், பழைய சிஸ்டம் தெரிந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். கடைசியில் பினாங்கில் இதே மாதிரி மெஷின் வைத்திருந்த ஒருவர் இரக்கப்பட்டு, டெலிபோனில் பேச வைக்கும் புரோகிராமைக் காகிதத்தில் அச்சடித்துத் தபாலில் அனுப்பினார். ஒன்பது பக்கம். வரிசை வரிசையாக வெறும் எண்களும், நடுநடுவே ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும். ஒவ்வொன்றையும் கையால் தட்டி உள்ளே ஏற்ற வேண்டும். ஒன்று தப்பினால் எல்லாம் போச்சு.

இரண்டு தரம் தட்டினேன், இரண்டு தரமும் தப்பு. சிதம்பரம் தன் மேசையிலிருந்து எழுந்து வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார். "நீங்க தட்டுங்கம்மா, நான் வாசிக்கிறேன்." நாலரை மணிக் குரல் அது. ஏறாமல் இறங்காமல், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே இடைவெளி. "மூணு, ஈ, சைபர், ஒண்ணு. சி, டி, சைபர், அஞ்சு." ஒன்பது பக்கமும் வாசித்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது. இடையில் என் கைதான் நாலு தரம் தப்பி, உடனே திருத்த வேண்டியிருந்தது. அவர் ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. முதன்முறையாகப் புரோகிராம் எழுந்து நின்று, தயார் என்று திரையில் சொன்னது. நான் கை தட்டினேன். அவர் காகிதங்களை அடுக்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரிதாம்மா. ஆனா இது எந்த டிவிஷன் எடைன்னு ஒரு இடத்திலயும் போடலையே?"

ரொட்டியும் பாலும்

மெஷின் டெலிபோனோடு சேர்வதற்கு ஒரு தட்டு உண்டு. தட்டில் இரண்டு வட்டமான ரப்பர் கிண்ணம். டெலிபோன் கைப்பிடியைக் குப்புற அதில் அழுத்தி வைக்க வேண்டும். ஒரு கிண்ணம் கத்தும், மற்றது கேட்கும். கறுப்பு டெலிபோன்களுக்கு அளவெடுத்துச் செய்தது. தோட்டத்து மேனேஜரோ போன மாதம்தான் ஆசைப்பட்டுப் புது டெலிபோன் போட்டிருந்தார். சிவப்பு நிறம், சதுரக் கைப்பிடி. வட்டத்துக்குள் சதுரத்தை எப்படி வைப்பது?

பக்கத்தில் கறுப்பு டெலிபோன் இருந்த இடம் கோப்பெங்கில் கனி பாயின் சாப்பாட்டுக் கடை ஒன்றுதான். "தாராளமா கொண்டாங்க தங்கச்சி, கம்ப்யூட்டர் என் கடைக்கு வந்தா எனக்கும் பெருமைதானே" என்று கல்லாவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார் பாய். சிதம்பரம் அன்றைய எடையைக் கொடுத்தார், நான் அனுப்பினேன். மெஷின் கீச்சிட்டது, கோலாலம்பூர் பதிலுக்குக் கீச்சிட்டது. சாப்பிட வந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். கடையின் மறு பக்கத்தில் ரொட்டி சானாய் போடுகிறவர் மட்டும் தன் வேலையை விடவில்லை. மாவைச் சுழற்றிச் சுழற்றி மேசையில் பட், பட் என்று அடித்துக்கொண்டிருந்தார். அந்த ஒவ்வொரு பட்டும் ரப்பர் கிண்ணத்துக்குள் புகுந்து எண்ணாக மாறும் என்று நான் படித்த புத்தகத்தில் இல்லை. பத்து நிமிஷத்தில் பாய் கடை டெலிபோன் அடித்தது. தலைமை ஆபீசில் எடை வாங்கும் லலிதா, சிதம்பரத்தோடு பல வருஷமாகப் பேசிப் பழகியவர். "மூணாவது டிவிஷன்ல மட்டும் ஒன்பது லட்சம் கிலோ பாலா? கிராணி, நீங்க மரம் வெட்டுறீங்களா, இல்ல மாட்டுப் பண்ணை வச்சிருக்கீங்களா?"

தவுக்கேயின் சந்தேகம்

இப்படியே ஐந்து வாரம் ஓடியது. ஒரு நாள் தவுக்கே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எல்லாம் சரியாக நடந்தால் மெஷின் எடையை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். நாலு நிமிஷம் என்றேன். கிராணி வாயால் வாசித்தால்? மூன்று நிமிஷம். தவுக்கே எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது வேற யாருகிட்டயும் சொல்லாதே லா."

அழுத பிள்ளை

டெலிபோன் இலாகா ஆள் வந்து, பழைய கறுப்பு டெலிபோனையே தோட்டத்து ஆபீசில் மறுபடி மாட்டிக் கொடுத்தார். மேனேஜர் தன் சிவப்பு டெலிபோனைப் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது. கைப்பிடி கிண்ணத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனாலும் தினமும் நடுவில் இணைப்பு அறுந்தது. அதுவும் சரியாக மூன்றாவது நிமிஷத்தில். வயரை மாற்றினேன், டிஸ்க்கை மாற்றினேன், உட்காரும் நாற்காலியைக்கூட மாற்றினேன்.

தோட்டத்திலிருந்து வெளியூருக்குப் பேச எக்ஸ்சேஞ்சில் கேட்டுத்தான் இணைப்பு வாங்க வேண்டும். மூன்று நிமிஷம் ஆனதும் அங்கே இருக்கும் அம்மாள் நடுவில் வந்து, பேசி முடிந்ததா என்று கேட்பார். பேர் கக் ரொகாயா, அதாவது ரொகாயா அக்கா. அவர் கேட்டதற்கு எங்கள் மெஷின் கீ என்று பதில் சொன்னால் என்ன செய்வார் பாவம்? பழுதான லைன் என்று பிடுங்கிவிடுவார். இது புரிந்ததும் நானே எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன், பிசாங் கோரேங் என்கிற வாழைப்பழப் பலகாரம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு. எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் விளக்கினேன். பிசாங் கோரேங்கைக் கடித்தபடி பொறுமையாகக் கேட்டார். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, யாரோ கைக்குழந்தையை டெலிபோன் பக்கத்தில் அழ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தாராம். இனிமேல் நாலரை மணிக்கு நடுவில் வரவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். நான் நன்றி சொல்லி எழுந்தபோது அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன். "மெஷினாவே இருக்கட்டும், அதுக்காகத் தினமும் இப்படியா கதற விடுவீங்க? பாவம், கெசியான் லா!"

மூன்றாம் நாள்

மாதக் கடைசி வந்தது. முதல் நாள் எடை சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் நாளும் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் மழை. வெட்டுக்குத் தாமதமாகப் போனார்கள், பாலும் தாமதமாக வந்தது. நாலரை மணிக்கு வழக்கமாக நின்றுவிடும், தோட்டத்து ஃபேக்டரியில் ரப்பரை அழுத்தும் உருளைகள் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தன. தோட்டத்துக்கு மின்சாரம் தோட்டத்து இஞ்சினிலிருந்துதான். உருளை ஓடினால் என் பச்சைத் திரை சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும். போதாததற்கு மழை மறுபடி பிடித்து, தகரக் கூரையில் கொட்ட ஆரம்பித்தது. ரொட்டி மாவுக்கே ஒன்பது லட்சம் கிலோ என்றால், இந்த மழைக்கு எத்தனை?

ஐந்து மணிக்கு மேல் வந்தால் கணக்கில் சேராது என்று சொல்லியிருந்தார்கள். நாலு நாற்பது. சிதம்பரம் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்கு நடந்தார். உருளைகளை நிறுத்தும் அதிகாரம் கிராணிக்குக் கிடையாது. அங்கே என்ன பேசினாரோ எனக்குத் தெரியாது. நாலு ஐம்பதுக்குச் சத்தம் நின்றது. திரை விரிந்தது. அவர் முழங்கால் வரை நனைந்து வந்தார். பின்னாலேயே அவர் மனைவி வீட்டிலிருந்து ஒரு தலையணையைச் சேலைக்குள் மறைத்து எடுத்து வந்தார். டெலிபோனையும் கிண்ணத்தையும் சேர்த்துத் தலையணையால் மூடி, சிதம்பரம் அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். நான் பொத்தானைத் தட்டினேன்.

நாலு நிமிஷம் ஓட வேண்டும். ஃபேக்டரியை நிறுத்தியது யார் என்று கேட்கக் கோபமாக உள்ளே வந்த மேனேஜர், கிராணி தலையணையைக் கட்டிப் பிடித்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். கூரையில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. தலையணைக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. பிறகு திரையில் ஒரே ஒரு வரி வந்தது: முழுவதும் கிடைத்தது, பிழை இல்லை. சிதம்பரத்தின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மேனேஜர் வந்த வழியே திரும்பிப் போனார்.

சிதம்பரம் தலையணையை எடுத்தார். கைப்பிடியைக் கிண்ணத்திலிருந்து பிடுங்கித் துடைத்து, காதில் வைத்தார். கக் ரொகாயாவிடம் கோலாலம்பூரை மறுபடி கேட்டு வாங்கி, அன்றைய எடையை முதல் டிவிஷனிலிருந்து நாலாவது வரைக்கும் ஏறாமல் இறங்காமல் லலிதாவுக்கு வாசித்தார். ஈரக் கால்சட்டை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஏன் ஐயா, அதுதான் போய்ச் சேர்ந்துவிட்டதே என்றேன். டெலிபோனின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். "மெஷின் அனுப்புனது சரியான்னு யாராச்சும் பார்க்கணும்ல, அம்மா?"

ஆபீசை மூடவில்லை, சிதம்பரம் ஓய்வு பெறும் வரைக்கும் அந்த வீட்டிலேயே இருந்தார், தினமும் மெஷினிலும் அனுப்பினார், வாயாலும் வாசித்தார். மகள் பாஸ் செய்தாள். அந்த வேலைக்கு அப்புறம் என்னைப் பல தோட்டங்களுக்கு அனுப்பினார்கள், பாரிட் புந்தார் வரைக்கும். கம்ப்யூட்டர் வேலை என்றால் உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைதானே என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை, அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போனது நான் என்பதால்.